படத்தின் கீழே ஒரு வரி

செங்கமலம் தன்னைப் படம் எடுக்க விடமாட்டார். நெய்வேலி நகரியத்தில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். காலமெல்லாம் அவர் கூட்டிப் பெருக்கிய பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா முடிந்ததும் வாத்தியார்களும் ஊழியர்களும் படிக்கட்டில் வரிசை கட்டி நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விடுவார். மகள் எழில்மதி முதுகலைப் பட்டம் வாங்கிய அன்று, வாடகைக் கறுப்பு அங்கியோடு மெயின் பஜார் ஸ்டுடியோ வாசலில் நின்று கெஞ்சினாள்.

“நீ எடுத்துக்கடி. நான் வெளிய செருப்பப் பாத்துகினு நிக்கிறேன்.”

“செருப்ப எவன் தூக்கிகினு போவப் போறான்?”

“இந்த ஊர்ல நெலத்தையே தூக்கிகினு போனாங்க. செருப்பு எம்மாத்திரம்?”

ஆதார் அட்டைக்கு மட்டும் தப்பிக்க முடியவில்லை. முந்தானையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவை முறைத்தார். “கொஞ்சம் சாதாரணமா இருங்கம்மா” என்று படம் எடுத்த பெண் நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த முறைப்பையே அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

எழில்மதிக்கு இது எரிச்சல். அவள் அப்பா வேணு சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த கறுப்புச் சட்டைக்காரர். ஷிப்ட் முடிந்து வந்த அழுக்கோடு மகளை சைக்கிளில் வைத்துப் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குக் கூட்டிப் போனவர். ராகுகாலத்தில் பெண் பார்த்து ராகுகாலத்தில் கல்யாணம் செய்தவர். அப்படிப்பட்டவர் வீட்டில், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பும் ஒருத்தியா? அம்மாவிடம் அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். செங்கமலம் மறுத்துப் பேசியதே இல்லை. மூடநம்பிக்கைக்காரி என்ற பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வேணு செத்த பிறகு, அவருடைய வேலை அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். அந்த வீட்டில் மாட்டிய படம் அது ஒன்றுதான்.

நெல்லிக்குப்பத்தைத் தாண்டிக் கடலூர்ச் சாலையில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் இருந்தது. எல்லோரும் அதை நடுவம் என்றே சொன்னார்கள். நூலக அறிவியல் படித்த எழில்மதிக்கு 2014-இல் அங்கே வேலை கிடைத்தது. வேலை என்றால் ஒப்பந்த வேலை. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் தங்கள் புகைப்படங்களையும் ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் நடுவத்துக்குக் கொடையாகக் கொடுப்பார்கள். சிலர் வரலாற்றின் மேல் உள்ள அக்கறையில் கொடுத்தார்கள். சிலர் வீட்டில் அலமாரி காலியானால் போதும் என்று மனைவி நெருக்கியதால் கொடுத்தார்கள். பூசணம் பிடித்த ஸ்லைடுகளைத் துடைத்து, காடி நாற்றம் அடிக்கத் தொடங்கிய பழைய பிலிம்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, யார், எங்கே, எப்போது என்ற குறிப்போடு இணையத்தில் ஏற்ற வேண்டும். எழில்மதி அதை விரும்பிச் செய்தாள். பருத்திக் கையுறையோடு ஒளிப்பெட்டிக்கு முன் உட்கார்ந்தால் அவளுக்கு மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

அங்கே ஒரு நடைமுறை இருந்தது. பேராசிரியர் அச்சிட்டு, பின்புறம் தன் கையால் குறிப்பு எழுதிய படங்கள் மட்டுமே தொகுப்பில் சேரும். அந்தக் குறிப்பில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அச்சிடாமல் விட்ட நெகட்டிவ்கள் அமிலமற்ற உறைக்குள் போய், குளிரூட்டிய அறையில் தூங்கும். அவற்றை யாரும் பட்டியலிட வேண்டியதில்லை.

“பேராசிரியரோட பார்வைதாம்மா தொகுப்பு. அவர் வேணாம்னு விட்டது தொகுப்பு ஆகாது” என்றார் இயக்குநர் குஞ்சிதபாதம். கதர் ஜிப்பா போட்ட, மேடைதோறும் விளிம்புநிலை மக்களைப் பற்றிப் பேசுகிற, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் மனிதர்.

மறுவருடம் மானிடவியல் பேராசிரியர் கோபாலகிருஷ்ணனின் தொகுப்பு வந்தது. அவர் கொடையைக் கொடுத்துவிட்டுச் சில மாதத்தில் இறந்துபோனார். வெளிநாட்டில் இருந்த மகன், அப்பா பெயரில் நடுவத்துக்கு ஓர் அரங்கம் கட்டித் தர முன்வந்திருந்தார். தொகுப்பு முழுக்க எழுபதுகளில் முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் எடுத்த மனிதப் படங்கள். வெள்ளைத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பார்களே, அதே மாதிரி. ஸ்டேஷனிலாவது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இந்தப் படங்களின் பின்புறம் சாதி, பால், வயது, ஓர் எண். பெயர் எதிலும் இல்லை. அந்தச் சாதிப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேராசிரியர் போதுமான அளவு எழுதிவிட்டார்.

ஒரு படத்தில் எழில்மதியின் கை நின்றது. இருபது வயதுப் பெண். மார்பளவுப் படம். ரவிக்கை இல்லாமல் சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கேமராவை முறைத்தாள். ஆதார் அட்டையில் இருந்த அதே முறைப்பு. பின்புறம், தெளிவான, அழகான கையெழுத்தில்: “பெண், வயது 20. இச்சாதிப் பெண்கள் ரவிக்கை அணியும் வழக்கம் இல்லாதவர்கள். 1974.”

எழில்மதி குளிரூட்டிய அறைக்குப் போய் அந்தச் சுருளைத் தேடி எடுத்தாள். அது நடைமுறைக்கு விரோதம். நெகட்டிவை ஒளிப்பெட்டியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அச்சில் வெட்டப்பட்ட பாதி அதில் இருந்தது. அந்தப் பெண்ணின் வலது கை இடுப்பருகே முட்டியாக மடங்கியிருந்தது. முட்டிக்குள் சுருட்டிய துணி. அதிலிருந்து தொங்கியது ஒரு ரவிக்கையின் கை. சுருளில் அதற்கு முந்திய கட்டத்தில் அதே பெண், அதே வெள்ளைத் துணிக்கு முன்னால், அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஓரத்தில் ஒரு நாற்காலிக் காலும், அதில் அமர்ந்திருந்த யாரோ ஒருவரின் வெள்ளை வேட்டியும் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை செங்கமலம் பின்கட்டில் மத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். எழில்மதி அந்த அச்சுப் படத்தைச் செல்போனில் காட்டினாள். மீன் கையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் எட்டிப் பார்த்தார்.

“மூக்கு அப்பவே சப்பையாத்தான் இருந்துருக்குது” என்றார்.

மீனை அலசினார். தண்ணீரை மாற்றினார். பூனையை விரட்டினார். பிறகுதான் சொன்னார்.

நகரியத்தில் புதிய ப்ளாக்குகளில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். காலனிப் பெண்கள் சிலர் நாற்று நடுவதை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கு வந்தார்கள். செங்கமலமும் வந்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர். கூலி சனிக்கிழமை கைக்கு வந்தது. யார் வீட்டு வாசலிலும் நின்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூலியில் அவரும் இன்னும் இரண்டு பெண்களும் மெயின் பஜார் தையல்காரரிடம் ரவிக்கை தைத்துக்கொண்டார்கள். செங்கமலத்துடையது ரோஸ் கலர். காலனியில் அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை. போட வசதியில்லை என்பது ஒரு காரணம். போட்டால் பண்ணைக்காரர் பார்க்கிற பார்வை இன்னொரு காரணம். ரோஸ் ரவிக்கையோடு அவர் களத்து வழியாக நடந்த அன்று, பண்ணைக்காரர் காறித் துப்பினார். “குவார்ட்டர்ஸ் கட்டப் போனதும் தொரசாணி ஆயிட்டாளுங்க” என்றார்.

அந்தப் பண்ணைக்காரர் வீட்டில்தான் பேராசிரியர் தங்கினார். ஜீப்பில் வந்தார், இரண்டு மாணவர்களோடு. காலனிக்குப் பண்ணைக்காரரும் கூட வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆட்களை வரிசையில் நிறுத்தினார்கள். தலையை அளந்தார்கள். மூக்கை அளந்தார்கள். செங்கமலத்தின் முறை வந்தது. பேராசிரியர் ஒரு படம் எடுத்தார். பிறகு பண்ணைக்காரர் பக்கம் திரும்பி, “இவங்க வழக்கமா ரவிக்கை போடுவாங்களா?” என்று கேட்டார்.

கேள்வி காலனியைப் பற்றியது. பதில் சொன்னவர் பண்ணைக்காரர். இதற்குப் பெயர் கள ஆய்வு.

“இதுங்களா? எந்தக் காலத்துலயும் கெடையாதுங்க. இப்பத்தான் கொழுப்பெடுத்து ஆடுதுங்க.”

பேராசிரியர் செங்கமலத்திடம் மிருதுவாகத்தான் சொன்னாராம். “பழைய வழக்கப்படி நில்லும்மா. அது வேணாம், கழட்டிடு. ஆராய்ச்சிக்குத்தான்.” செங்கமலம் நகரவில்லை. பண்ணைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “அடுத்த நடவுக்கு ஒம் மாமியா வரணுமா, வேணாமா?” என்றார். மாமியார் சின்னம்மாளுக்கு அந்த நடவு இல்லையென்றால் அடுப்பு இல்லை. குடிசைக்குள் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார் செங்கமலம். உள்ளே வைத்துவிட்டு வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏம்மா கையில வச்சிகினு நின்ன?”

“உள்ள வச்சா எவளாவது தூக்கிகினு போயிட்டா? புதுசுடி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கு ரவிக்க இருக்குதுன்னு தெரியட்டும்னுதான். அந்தப் பொட்டிக்குள்ளாற போவட்டும்னு. வெட்டிப்புட்டானா அத்த?”

பகுத்தறிவுக் குடும்பத்தில் பிறந்த எழில்மதி, அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று கேலி செய்த எழில்மதி, தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவுக்குப் படம் எடுப்பதில் இருந்தது பயம் அல்ல. அனுபவம்.

“இன்னும் வெளிய போகலம்மா. நான் அந்தப் படத்தையே எடுத்துடறேன். ஒரு பட்டன் தட்டினாப் போச்சி.”

“ஏன் எடுக்கற? நானா தப்பு பண்ணேன்?”

“ஊரு உலகமெல்லாம் பாக்கும்மா.”

“பாக்கட்டும். நாப்பது வருசமா பாத்துகினுதான இருக்குது. நீ எடுத்துட்டா, அந்தாளு எழுதுனது மட்டும் அங்கியே கெடக்கும். எடுக்காத. படத்துக்குக் கீழ ஒரு வரி எழுது. இவ பேரு செங்கமலம். சொந்தக் கூலியில ரவிக்க தெச்சிப் போட்டுகினு இருந்தா. கோபாலகிருஷ்ணன் கழட்டச் சொன்னான். அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம்.”

வாழ்நாளில் செங்கமலம் யாரிடமும் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டார். ஒரு வரி.

எழில்மதி இரண்டு நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்து, அச்சுப் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குஞ்சிதபாதத்தின் மேசையில் வைத்தாள். முதல் கட்டம் ரவிக்கையோடு. இரண்டாவது கட்டம் கையில் ரவிக்கையோடு. மூன்றாவது, அதை வெட்டி எடுத்து, ரவிக்கையே அறியாத சாதி என்று எழுதிய படம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் புரிந்துகொள்ளும்.

குஞ்சிதபாதம் உண்மையாகவே கலங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ன கொடுமை. உங்க அம்மாவா இது? எடுத்துடலாம்மா. இந்த நிமிஷமே எடுத்துடலாம்.”

“எடுக்க வேணாம் சார். மூணையும் சேத்துப் போடணும். கீழ ஒரு வரி எழுதணும்.”

“அது எப்படிம்மா? கொடையாளர் குறிப்புல நாம கை வைக்கிறதில்லையே.”

“கை வைக்க வேணாம் சார். அவர் எழுதினது அப்படியே இருக்கட்டும். நம்ம குறிப்புன்னு தனியா எழுதுவோம். அவர் எழுதினது பொய் சார். நெகட்டிவே சொல்லுது.”

“பொய்ங்கிறது பெரிய வார்த்தை. அந்தக் காலத்து ஆய்வு முறை. செத்தவரால வந்து பதில் சொல்ல முடியாதில்ல?”

“எங்கம்மா உசிரோடதான் இருக்காங்க. அவங்கள யாரும் கேக்கலையே சார்.”

குஞ்சிதபாதம் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே, பேராசிரியரின் மகன் கட்டித் தரும் அரங்கத்துக்குக் கான்கிரீட் கலந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவரே கிளம்பிச் செங்கமலத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார். நகரிய எல்லையில், முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில், ஓட்டு வீடு. கார் சந்துக்குள் நுழையாமல் முனையிலேயே நின்றது. ஆப்பிள் பையோடும் ஒரு பொன்னாடையோடும் இறங்கினார். கூட வந்த உதவியாளர், பழக்க தோஷத்தில், பொன்னாடை போர்த்துவதைப் படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினார்.

“தம்பி, அத உள்ள வை” என்றார் செங்கமலம். உதவியாளர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “துணிய நீங்களே வச்சிக்குங்க சார். எங்கிட்ட நெறைய கெடக்குது. குந்துங்க.”

குஞ்சிதபாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். செங்கமலம் வாசற்படியில் உட்கார்ந்தார். எழில்மதி சுவரோரம் நின்றாள்.

“அம்மா, எங்களுக்கு உங்க மாண்புதான் முக்கியம்.”

“அப்படின்னா இன்னாங்க?”

“மரியாதை. மானம்.”

“அது அன்னிக்கே போச்சிங்க. இல்லாததுக்கு இன்னா காவலு? போக்கடிச்சது ஆருன்னு எழுதுங்கன்னுதான் கேக்கறேன்.”

“நீங்க கோவத்துல பேசறீங்க. அந்தப் படம் வெளியில இருந்தா உங்களுக்குத்தான கூச்சம்?”

“எனக்கு எதுக்குங்க கூச்சம்? கழட்டுன்னு சொன்ன வாய்க்குத்தான் வரணும்.”

“அவர் பெரிய அறிஞர்ம்மா. உங்க சனங்க மேல அக்கறையாலதான் வெயில்ல வந்து…”

“ஆமாமா. மூக்க அளந்தாரு. அக்கறையாத்தான் அளந்தாரு.”

குஞ்சிதபாதம் சிரிக்க முயன்றார். “எழுதினா அவர் பேரு கெடும்மா.”

“கெட்ற மாதிரி செஞ்சிருந்தாத்தான கெடும்? நான் கூடக் கொறைய எழுதச் சொல்லல. வையவும் சொல்லல. இன்னாருன்னு பேரு, இன்னது நடந்துச்சின்னு ஒரு வரி. எம் பேரு தெரியாமதான அப்ப நம்பர் போட்டாரு? இப்பத் தெரியுமில்ல, போடுங்க.”

“உங்களுக்கு இதனால என்ன லாபம் சொல்லுங்க?”

செங்கமலம் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அந்தாளு எங்க மொத்த சனத்தையும் துணி உடுத்தத் தெரியாத சனம்னு எழுதிட்டுப் பூட்டாரு. அத்தப் படிச்சிட்டுப் பாஸ் பண்ணி உத்தியோகத்துக்குப் போனவங்க எத்தினி பேரோ. நாங்க போட்டுகினுதான் இருந்தோம்னு யாரு சொல்றது? நான் செத்துட்டா?”

குஞ்சிதபாதம் எழுந்தார். கைகூப்பினார். குழுவைக் கூட்டி நல்ல முடிவு எடுப்பதாகச் சொன்னார். ஆப்பிள் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். செங்கமலம் அதைப் பக்கத்து வீட்டு லூசியம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

குழு கூடியது. முடிவு எடுத்தது. அந்தப் படம் பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்படும். அந்தச் சுருளின் நெகட்டிவ்கள் முழுவதும், எழில்மதி எடுத்த ஸ்கேன்கள் உட்பட, முத்திரையிட்ட உறையில் வைக்கப்படும். யாருக்கும் காட்டப்படாது. காரணம், படத்தில் இருப்பவரின் மாண்பு. அதே தீர்மானத்தின் கடைசிப் பத்தி, அந்தப் படங்களை வைத்துப் பேராசிரியர் எழுதிய நூல் முழுவதையும் ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்ற வேண்டும் என்றது. அந்த நூலில் ரவிக்கை பற்றி அரைப் பக்கம் இருக்கிறது.

மாண்பு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடித்தவனின் பெயரை மறைக்க வேண்டுமா, அடிபட்டவளின் மேல் ஒரு போர்வையைப் போர்த்து. இரக்கம் என்று ஊர் பாராட்டும். படத்தை அழித்திருந்தால்கூட நியாயம் கேட்கலாம். அவர்கள் அழிக்கவில்லை. பத்திரமாக, குளிரூட்டிய அறையில், இன்னும் நூறு வருடம் கெடாதபடி பாதுகாக்கிறார்கள். உண்மையை யாரும் பார்த்துவிடாமல் காப்பதற்கு இத்தனை தொழில்நுட்பம் தேவைப்படுகிறது.

எழில்மதியின் ஒப்பந்தம் அந்த வருட முடிவில் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்க முடியாது. ஒப்பந்தம் என்பதே அதற்காகத்தான். மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். இப்போதும் ஸ்கேன்தான் செய்கிறாள். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்.

2016-இல் இணையதளத்தின் தொடக்க விழா நகரியத்திலேயே ஓர் அரங்கத்தில் நடந்தது. இந்த மண்ணைப் பற்றிய தொகுப்பு என்பதால் இந்த மண்ணில் நடத்துகிறோம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். செங்கமலம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவேளை அந்த வரியைச் சேர்த்திருப்பார்களோ என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை எந்தப் பகுத்தறிவாலும் விளக்க முடியாது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பேராசிரியரின் படத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். பெரிய திரையில் படங்கள் ஓடின. தெரிந்த முகங்கள் வந்தன. “இது நம்ம அம்சவல்லி அக்காடி. செத்துப் பதினஞ்சி வருசமாவுது” என்று செங்கமலம் மகளின் காதில் சொன்னார். திரையில் அம்சவல்லிக்கு ஓர் எண்தான் இருந்தது. அதற்கடுத்து ஒரு சாம்பல் நிறக் கட்டம் வந்தது. நடுவில் எழுத்து. வேணு கற்றுக்கொடுத்த எழுத்துகளைக் கூட்டி அவர் மெல்லப் படித்தார்: “தனிநபர் மாண்பைக் கருதி இப்படம் மறைக்கப்பட்டுள்ளது.”

குஞ்சிதபாதம் மைக்கைப் பிடித்தார். இந்த ஊரின் எளிய தாய் ஒருவரின் உணர்வை மதித்து எடுத்த முடிவு அது என்றார். ஆவணக் காப்பகம் என்பது வெறும் காகிதக் கிடங்கு அல்ல, அதற்கும் ஓர் இதயம் உண்டு என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

செங்கமலம் எழுந்து நின்றார்.

“நான் மறைக்கச் சொல்லலிங்க” என்றார்.

மைக் அவரிடம் இல்லை. கைதட்டலில் குரல் அமுங்கிவிட்டது. மறுபடி சொன்னார். பக்கத்து வரிசையில் இருந்த பட்டுச் சேலைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். செங்கமலத்தின் சேலையை, கைகளை, தலைமுடியைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், அன்பாகவே சொன்னார்: “இன்னும் முடியலம்மா. எல்லாரும் போனப்புறம் கூட்டிக்கலாம்.”

எழில்மதி பாய்ந்தாள். “அவங்க கூட்ட வரலீங்க. அந்தப் படத்துல இருக்கறதே அவங்கதான்.”

“எந்தப் படத்துல?”

திரையில் அதற்குள் வேறு படம் வந்துவிட்டது.

“வாடி போலாம்” என்றார் செங்கமலம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, மகள் அழுவதைப் பார்த்துச் சொன்னார்: “அந்தம்மா மேல இன்னா தப்பு? நெசமாவே நான் கூட்றவதான. உட்டுட்டு வந்தமே அந்தக் கூட்டம், அதக் கூட்டித் தள்ள எந்தத் தொடப்பமும் பத்தாது.”

அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். மூட்டு வலி. காலையில் வாசலில் உட்கார்ந்து, ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்ப்பார். வழியில் போகிறவர்களை வம்புக்கு இழுப்பார். அந்த ஒரு வரியைப் பற்றி அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்று எழில்மதி நினைத்தாள். செங்கமலத்தைப் பற்றி அவள் நினைத்தது இரண்டாவது முறையாகத் தப்பானது.

2018-இல் லிடியா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். கடலூர்ப் பெண். நல்ல பெண் என்றே சொல்ல வேண்டும். வந்தவுடன் பெயரைக் கேட்டாள். படம் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டாள். வேண்டாம் என்றதும் கேமராவைப் பையில் வைத்துவிட்டாள். சுரங்கப் பகுதிப் பெண்களின் உடையும் உழைப்பும் பற்றி அவளுடைய ஆய்வு. பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள். நடுவத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்செடுத்த கோபாலகிருஷ்ணனின் நூல்.

“ஆன்ட்டி, எழுபதுகள்ல இந்தப் பக்கம் காலனிப் பெண்கள் ரவிக்கை போட மாட்டாங்களாமே? எப்போதிருந்து போட ஆரம்பிச்சீங்கன்னு சொல்ல முடியுமா?”

செங்கமலம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார்.

“குந்து” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சித்தாள் வேலை, தையல்காரர், ரோஸ் ரவிக்கை, பண்ணைக்காரரின் நாற்காலி, வெள்ளைத் துணி, கழட்டிடு என்ற மிருதுவான குரல். லிடியா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் முகம் மாறியது. கண் கலங்கியது. இந்தத் துறையில் கண் கலங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

“ஆன்ட்டி, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இந்தப் புத்தகத்தை வச்சி எவ்வளவோ பேர் எழுதியிருக்காங்க. எல்லாமே தப்புன்னு ஆகும்.”

“எழுது. ஆரு சொன்னான்னு எம் பேரப் போட்டு எழுது.”

“எழுதறேன். ஆனா…” லிடியா தயங்கினாள். “எங்க கைடு ஒத்துக்க மாட்டார் ஆன்ட்டி. அச்சான புத்தகத்துக்கு எதிரா வெறும் வாய்ப்பேச்சு போதாதும்பார். ஆதாரம் கேப்பார். அன்னிக்கு நீங்க ரவிக்கை போட்டிருந்தீங்கன்னு காட்டுற மாதிரி ஏதாவது படம் இருக்கா?”

செங்கமலம் சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“ஏன் இல்லாம? இருக்குது. பொட்டியில போட்டு சீல் வச்சிப் பூட்டி வச்சிகினு இருக்காங்க. ஏசி ரூம்ல.”

“யாரு ஆன்ட்டி? எதுக்கு?”

“எம் மானத்தக் காப்பாத்தறாங்களாம்.”